45 மி.மீ. ரேடியேட்டர் உள்ளே ஏறல: முதல் கஸ்டம் லூப்புக்கு எந்த கேபினட்?

வைகைக்கரை
வணக்கம் மக்களே. மதுரை. வீட்டுலயே பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டரிங் (படமா உருவாக்குற) வேலை. பிராசசர் ரைசன் 9 5900எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. ராத்திரி முழுக்க ஓடும். சித்திரை மாசம் ஏசி போடலேன்னா ரூம் 35 டிகிரி. கார்டு விசிறி போடுற சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்து அம்மா "அந்த மிக்ஸிய நிறுத்துடா"ன்னு கத்துறாங்க. அதான் கஸ்டம் வாட்டர் கூலிங் (பம்பு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் நாமளே மாட்டி தண்ணியைச் சுத்த விடுற லூப்) போயிடலாம்னு முடிவு பண்ணேன்.

அவசரப்பட்டு ரேடியேட்டரை முதல்ல வாங்கிட்டேன். பழசு, 360 (120 மி.மீ. விசிறி மூணு வரிசையா மாட்டுற அளவு), தடிமன் 45 மி.மீ., சல்லிசா கிடைச்சுது. இப்ப இருக்குற மிட் டவர் கேபினட்டோட அட்டைப்பெட்டியில "மேலே 360, முன்னாடி 360"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மேலே வச்சா விசிறி ரேம் மேல முட்டுது. முன்னாடி வச்சா கார்டு இடிக்குது.

அளந்து பார்த்தேன்: உச்சித் தகட்டுல இருந்து மதர்போர்டு விளிம்பு வரைக்கும் 52 மி.மீ. முன்பக்கம் ரேடியேட்டர் இல்லாம கார்டுக்கு 360 மி.மீ. இடம். கார்டு நீளம் 318.

கேபினட்டை மாத்தணுமா, ரேடியேட்டரை மாத்தணுமா? மாத்துறதா இருந்தா எது? பட்ஜெட் இழுபறிதான், ஆனா ரெண்டு தடவை வாங்க முடியாது.

சும்மா_ஒரு_ஆள்
360 ஏஐஓ (தண்ணி ஊத்தி சீல் வச்சே வர்ற ரெடிமேட் பிராசசர் கூலர்) ஒண்ணு வாங்கி மாட்டிட்டு நிம்மதியா தூங்குங்க ப்ரோ. தண்ணிய கரண்டுக்குள்ள விடுறது தேவையா?

வைகைக்கரை
பிராசசர் சத்தம் போடலயே ப்ரோ. கத்துறது கார்டு. ஏஐஓ அதுக்கு என்ன பண்ணும்?

நட்டுபோல்ட்டு
தம்பி, அட்டைப்பெட்டியில "360 ஆதரவு"ன்னு போட்டா துளைக்குத் துளை பொருந்தும்னு மட்டும்தான் அர்த்தம். தடிமன் அவன் கணக்குல கிடையாது. உங்க ரேடியேட்டர் 45, விசிறி 25, ஆக 70 மி.மீ. மேலே இருக்குறது 52. முன்னாடி 360-ல 70 போனா 290, கார்டு 318. ரெண்டு பக்கமும் கதவு சாத்தியாச்சு. இன்னொண்ணு, 360 ரேடியேட்டர் 360 மி.மீ. நீளமும் இல்ல. ரெண்டு முனைத் தொட்டியும் சேர்த்து 400-ஐ ஒட்டி வரும். அதுக்கப்புறம் ஃபிட்டிங் (குழாயை மாட்டுற இணைப்பு), அதுக்கப்புறம் குழாய் வளையுற இடம்.

ஒரு சின்ன ஆறுதல்: 318ங்கிறது கார்டு கூலரோட நீளம். வாட்டர் பிளாக் (சிப் மேல உக்காந்து சூட்டைத் தண்ணிக்குக் கடத்துற உலோகக் கட்டி) போட்டா கூலர் போயிடும், உள்ளே இருக்குற போர்டு நீளம்தான் கணக்கு. பல கார்டுல அது நல்லாவே குறையும். ஆனா நீளத்துல மிச்சமாகுறது அகலத்துல போயிடும். பிளாக்கோட தண்ணி வாசல் கண்ணாடிப் பக்கம் துருத்திக்கிட்டு நிக்கும், அதுல ஃபிட்டிங் வேற. ஒடுக்கமான கேபினட்ல கண்ணாடி மூடாது. கார்டோட சரியான மாடலுக்கு பிளாக் இருக்கான்னு முதல்ல பாருங்க. 3080ன்னு பேர் ஒண்ணுதான், ஒவ்வொரு கம்பெனி போர்டும் வேற வேற.

இப்ப சூட்டுக் கணக்கு. 5900எக்ஸ் முழு லோடுல 142 வாட் வரை இழுக்கும், 3080 320 வாட். மொத்தம் 460 சொச்சம். விசிறி மெதுவா சுத்தி, தண்ணி ரூமைவிட 10 டிகிரிதான் ஏறணும்னா, ஒரு 120 மி.மீ. விசிறி அளவு ரேடியேட்டருக்கு 100 வாட்னு நான் வச்சுக்குவேன். கைக்கணக்குதான், ஆனா கைவிட்டதில்ல. உங்களுக்கு அஞ்சு விசிறி அளவு வேணும். ஒத்தை 360-ல மூணுதான் இருக்கு. ஓடும், ஆனா விசிறி அலறும். அம்மாவுக்கு மிக்ஸி போய் கிரைண்டர் வந்த மாதிரி ஆயிடும்.

வைகைக்கரை
அண்ணே, கும்பிடுறேன். அப்ப ரெண்டு ரேடியேட்டர். இந்த 45-ஐயும் வச்சுக்கிட்டு இன்னொண்ணு வாங்குற மாதிரி கேபினட் சொல்லுங்க.

செம்புக்குடம்
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அந்தப் பழைய ரேடியேட்டர் எந்த உலோகம்? ஃபிட்டிங் திருகுற துளையில மரையை டார்ச் அடிச்சுப் பாருங்க. மஞ்சளா இருந்தா பித்தளை, நிம்மதி. வெள்ளையா இருந்தா ஆணியால லேசா கீறிப் பாருங்க.

வைகைக்கரை
வெள்ளையா இருக்கு. கீறினாலும் வெள்ளை. தூக்கினா காத்து மாதிரி இருக்கு. 🙁

செம்புக்குடம்
அலுமினியம். வேண்டாம். நீங்க வாங்கப்போற பிளாக் அநேகமா செம்பு, இல்லேன்னா நிக்கல் பூசின செம்பு. ஒரே தண்ணியில செம்பும் அலுமினியமும் இருந்தா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தை அரிக்கும். அரிச்சது பிளாக்கோட மெல்லிய பள்ளங்கள்ல போய் அடைக்கும். ஏஐஓ-ல ரெண்டும் சேர்ந்தே இருக்கேன்னு யாராவது வருவாங்க. அது அரிப்புத் தடுப்பான் கலந்து மூடி சீல் வச்சது, நம்மளது அடிக்கடி திறக்குறது.

நட்டுபோல்ட்டு
நல்ல கேள்வி கேட்டீங்க செம்புக்குடம், எனக்குத் தோணவே இல்ல. தம்பி, காசு போச்சுன்னு வருத்தப்படாதீங்க. இந்த 45 மி.மீ. சங்கிலி அறுந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. இப்ப 30 மி.மீ. செம்பு ரேடியேட்டர் ரெண்டு எடுக்கலாம்.

கேபினட்னா என் ஓட்டு லியான் லீ ஓ11 டைனமிக் ஈவோ. பழைய ஓ11 டைனமிக் 2018-ல ஜெர்மன் ஓவர்கிளாக்கர் டெர்பாவரோட சேர்ந்து பண்ணது, இது அதே குடும்பம். மேலே, கீழே, பக்கவாட்டுல மூணு 360 போகும். பவர் சப்ளை மதர்போர்டுக்குப் பின்னாடி தனி அறையில உக்காந்துக்கும், அதனால கீழ்த்தளம் முழுசும் நமக்கு. அகலம் ஏறத்தாழ 28 செ.மீ., பிளாக் வாசல் கண்ணாடியில இடிக்காது. குறை என்னன்னா முன்பக்கம் கண்ணாடி, காத்து உள்ளே வராது. கீழேயும் பக்கவாட்டுலயும் இருந்துதான் இழுக்கணும். தரையில வச்சீங்கன்னா வீட்டுத் தூசி பூரா ரேடியேட்டர்ல. மேசை மேல வைங்க.

கண்ணாடி மோகம் இல்லேன்னா ஃபிராக்டல் மெஷிஃபை 2. டிஃபைன் 7-ஓட அதே எலும்புக்கூடு, முன்னாடி மட்டும் வலை. நம்ம ஊர் வெயிலுக்கு வலைதான் நியாயம். ஆனா முதல் லூப்புக்குக் கை உள்ளே போற இடம் முக்கியம். அதுல ஈவோ ஜெயிக்கும்.

உங்களுக்கு நான் சொல்றது: கீழே ஒரு 360 உள்ளிழுக்க, மேலே ஒரு 360 வெளியேத்த, பக்கவாட்டுல டி5 பம்பும் தொட்டியும் சேர்ந்த கூட்டு. கடினக் குழாய் பக்கமே போகாதீங்க. 10/16 அளவு (உள்ளே 10, வெளியே 16 மி.மீ.) மென்குழாய், கறுப்பு இபிடிஎம் ரப்பரா இருந்தா இன்னும் நல்லது. கண்ணாடிக்குழாய் மாதிரி இருக்குற பிவிசி நாளாக நாளாக மங்கும்.

சும்மா_ஒரு_ஆள்
சரி, நானும் கத்துக்கிட்டேன். மதுரை வெயில்ல தண்ணி எவ்வளவு சூடாகும்?

நட்டுபோல்ட்டு
ரூம் 35-னா தண்ணி 45-ஐ ஒட்டி. ரூமைவிடக் குளிர எந்த ரேடியேட்டராலும் முடியாது. டி5 பம்புக்கு 60 டிகிரி வரை அனுமதி, அதனால பயமில்ல.

வைகைக்கரை
மூணு வாரம் கழிச்சு வர்றேன். ஈவோ வாங்கியாச்சு. ரேடியேட்டர் ரெண்டையும் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். முதல் தண்ணியில கறுப்புத் துகளா வந்துச்சு, இதை அப்படியே மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்!

ஒரு நாள் வீணாப் போனது எதுலன்னா, கீழ் ரேடியேட்டரை மாட்டின பிறகுதான் பவர் பட்டன், யுஎஸ்பி ஒயர் எல்லாம் மதர்போர்டு கீழ் விளிம்புல சொருகணும்னு தெரிஞ்சுது. விரல் போகல. கழட்டி, ஒயர் சொருகி, திரும்ப மாட்டினேன். அடுத்து வர்றவங்க கவனிச்சுக்கோங்க.

கசிவுச் சோதனைக்கு மதர்போர்டு, கார்டு ஒயர் எல்லாத்தையும் உருவிட்டு, பவர் சப்ளை ஆன் ஆகுறதுக்கு அதோட 24 பின் கனெக்டர்ல 16-வது பின்னையும் பக்கத்து கிரவுண்டையும் கிளிப்பால இணைச்சு, பம்பை மட்டும் ஓட்டுனேன். அந்த 16-வது பின்னுக்கு வழக்கமா வர்ற பச்சை ஒயரைத் தேடாதீங்க, என் சப்ளைல எல்லாமே கறுப்பு, எண்ணித்தான் கண்டுபிடிச்சேன். டிஷ்யூ பேப்பர் விரிச்சு ஒரு நாள் பூரா விட்டேன். ஒரு ஃபிட்டிங்ல மட்டும் ஈரம், இறுக்கினதும் நின்னுடுச்சு.

நேத்து ராத்திரி ஆறு மணி நேர ரெண்டர். ரூம் 33, தண்ணி 42, கார்டு 56. அம்மா வந்து "கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சாடா"ன்னு கேட்டாங்க.

செம்புக்குடம்
அருமை. தண்ணிய மாத்த டிரெயின் வால்வு எங்க வச்சீங்க? கீழ் ரேடியேட்டர் வாசல் மேல பார்த்து இருக்குமே, அது வழியா காலி ஆகாது.

வைகைக்கரை
வால்வா?

நட்டுபோல்ட்டு
பம்புக்கு அடியில ரெண்டாவது வெளிவாசல் இருக்கும், பிளக் போட்டு மூடியிருப்பீங்க. அடுத்த தடவை தண்ணி மாத்துறப்போ அதுல ஒரு பந்து வால்வு மாட்டிடுங்க. அது வரைக்கும் ரெண்டு பேர் சேர்ந்து கேபினட்டைக் கவுக்கணும். கண்ணாடியக் கழட்டிட்டுக் கவுங்க.