பெங்களூருக்குப் புதுசு: ஆபீஸ் சைக்கிளுக்கு எந்த டயர் பஞ்சர் தாங்கும்?

கேள்வி

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து வேலை மாற்றலாகி பெங்களூர் வந்திருக்கிறேன். வீடு அல்சூர், ஆபீஸ் பெல்லந்தூர். கையில் இரண்டு சைக்கிள். இங்கே வாங்கிய ஹைபிரிட்டில் 700x35சி என்று போட்டிருக்கிறது. இன்னொன்று அங்கிருந்து கொண்டுவந்த 16 இன்ச் மடிக்கும் சைக்கிள். இரண்டுக்கும் சீக்கிரம் பஞ்சர் ஆகாத, நாள்பட உழைக்கிற டயர் வேண்டும். எது வாங்கலாம், எவ்வளவு காற்று, கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

பதில் 1

தம்பி, டயர் பேரைக் கேட்கிறதுக்கு முன்னாடி, இந்த ஊர்ல எது குத்துதுன்னு தெரிஞ்சுக்குங்க. ஆணி குத்தும்னு எல்லாரும் நினைப்பாங்க. ஆணி குத்தினா எந்த சைக்கிள் டயரும் தாங்காது, அதை விட்டுடுங்க. தினப்படி தொல்லை ரெண்டு கம்பி. ஒண்ணு, லாரி டயர் வெடிச்சுச் சிதறும்போது அதுக்குள்ள இருக்கிற எஃகு இழை துண்டு துண்டா ரோட்ல விழும். தலைமுடி கனம்தான் இருக்கும். இன்னொண்ணு, மெட்ரோ நீலப் பாதை வேலை நடக்கிற வெளிவட்டச் சாலைல கட்டுக்கம்பி நறுக்கு. அடுத்தது பாட்டில் கண்ணாடி. ஏரிக்கரை மண் பாதைல குறுக்கு வழி போனீங்கன்னா நெருஞ்சி முள்.

இதுல கம்பி இழை ஒரே அடியா குத்தாது. ரப்பர்ல ஒட்டிக்கிட்டு, சக்கரம் சுத்தச் சுத்த உள்ளே ஏறும். டியூபைத் தொட ரெண்டு நாள்கூட ஆகலாம். அதனால உங்களுக்கு வேண்டியது, ரப்பருக்கும் டியூபுக்கும் நடுவுல கம்பியோட நீளத்தைவிடக் கனமான ஒரு தடை. டயர் தேர்வுல முக்கால்வாசி விஷயம் அவ்வளவுதான்.

தடை ரெண்டு விதம். முதல் விதம் நெருக்கமா நெய்த துணிப் பட்டை. கெவ்லார், நைலான் மாதிரி இழைல செய்வாங்க. இது மெல்லிசு, எடை ஏறாது, கண்ணாடிக்கு நல்லாவே நிக்கும். ஆனா மெல்லிய கம்பி நெசவு இடுக்குல நுழைஞ்சிடும். ரெண்டாவது விதம் கனமான ரப்பர் மெத்தை. ஷ்வால்பே கம்பெனியோட மாரத்தான் டயர்ல பச்சை நிறத்துல 3 மி.மீ., மாரத்தான் பிளஸ்ல நீல நிறத்துல 5 மி.மீ. வருது. அந்த 5 மி.மீ.யைத் தாண்டி டிராயிங் பின்கூட டியூபுக்கு எட்டாது. வெளிவட்டச் சாலை சர்வீஸ் ரோட்ல தினமும் போறவங்களுக்கு இந்த ரெண்டாவது விதம்தான் என் சிபாரிசு.

பிளஸ்ஸுக்கு ரெண்டு குறை உண்டு. 700x35 அளவுல ஒரு டயரே 900 கிராமை ஒட்டி எடை. சிக்னல் விட்டுக் கிளம்பும்போது இழுக்கும். பக்கச் சுவரும் விறைப்பு, ரிம்ல ஏத்துறது மல்லுக்கட்டு. பின் சக்கரத்துக்கு மட்டும் பிளஸ், முன்னாடிக்கு சாதா மாரத்தான்னு போட்டா காசும் கொஞ்சம் மிஞ்சும், ஹேண்டிலும் இலகுவா இருக்கும். எடையில பாதிக்கு மேல பின்னாடிதான் விழுது, பஞ்சரும் அங்கேதான் அதிகம். ரெண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லைன்னா பின் டயரை முதல்ல மாத்துங்க.

கடையில ஒரு சொல்லுக்கு ஏமாறாதீங்க. 'கெவ்லார் டயர் சார்'னு காட்டுவாங்க. அந்தக் கெவ்லார் எங்கே இருக்குன்னு கேளுங்க. ரிம்முக்குள்ள உட்கார்ற விளிம்புல எஃகுக் கம்பிக்குப் பதிலா கெவ்லார் கயிறு போட்டிருந்தா, டயரை மடிச்சுப் பையில வைக்கலாம், எடை குறையும். பஞ்சருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மிதிக்கிற பரப்புக்கு அடியில பட்டை இருக்கணும். அட்டைல குறுக்குவெட்டுப் படம் போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க.

பதில் 2

மேலே சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ச் கணக்கை நம்பி டயர் வாங்கினால் ரிம்மில் உட்காராது. டயரின் பக்கச் சுவரில் 37-622 என்பதுபோல் இரட்டை எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்றால் 622தான் வாங்க வேண்டும், அதில் பேரம் இல்லை. அகலத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

உங்கள் ஹைபிரிட்டில் 700 என்று போட்டிருப்பது இந்த 622தான். தெருவில் ஓடும் பழைய கறுப்பு சைக்கிளின் 28x1½ டயர் 635. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே தெரியும், மாட்டினால் மாட்டாது. 26 இன்ச் மலைச் சைக்கிள் 559, 27.5 என்று விற்பது 584. 29 இன்ச் என்று விற்பதும் அதே 622தான்.

மடிக்கும் சைக்கிள்தான் சிக்கல். 16 இன்ச் என்ற ஒரே பெயரில் 305, 349 என்று இரண்டு அளவு உண்டு. பெங்களூர்க் கடைகளில் '16 டயர்' என்று கேட்டால் எடுத்துத் தருவது குழந்தைகள் சைக்கிளின் 305. பிராம்ப்டன் கம்பெனியின் மடிக்கும் சைக்கிள் வகையில் இருப்பது 349. அதேபோல் 20 இன்ச்சில் 406, 451. இதில் 406 இங்கே எளிதில் கிடைக்கும், ஆனால் பாதுகாப்புப் பட்டை இல்லாத பொம்மை டயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்களுடையது 349 என்றால், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களிடம் இரண்டு டயரும் மூன்று டியூபும் சொல்லிவிடுவதே உத்தமம். மாரத்தான் 349 அளவிலும் வருகிறது. ஒட்டும் ரப்பர் சொல்யூஷனை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீப்பற்றும் பசை என்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அது இங்கே எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

அகலத்தைப் பொறுத்தவரை, 35 போட்டிருக்கும் இடத்தில் 37 அல்லது 40 போகுமா என்று பாருங்கள். பெரும்பாலான ஹைபிரிட்டில் போகும். டயருக்கும் ஃபோர்க்குக்கும், டயருக்கும் பின் சட்டத்துக்கும் இரு பக்கமும் 6 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஒரு பென்சில் தடையில்லாமல் நுழைந்தால் சரி. மட்கார்டு இருந்தால் அதன் அடியிலும் பாருங்கள், மழையில் சேறு அடைத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

டயரின் பூப்போட்ட வடிவத்துக்கு மயங்க வேண்டாம். தார் ரோட்டில் சைக்கிள் டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவதில்லை, அதற்குக் கார் வேகம் வேண்டும். பட்டன் பட்டனாக எழும்பிய டயர் தார் ரோட்டில் சத்தம் போடும், மிதிக்கவும் கஷ்டம்.

பதில் 3

காத்து விஷயத்தை யாரும் சொல்லலையே. 5 மி.மீ. மெத்தை போட்ட டயரையும் காத்து இல்லாம ஓட்டினா ரெண்டே வாரத்துல டியூப் போயிடும். மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே, சர்வீஸ் ரோடு சேர்ற இடத்துல, புதுசா போட்ட கான்கிரீட்டும் பழைய தாரும் சந்திக்கிற விளிம்பு இருக்கும். அதுல இடிக்கும்போது டயர் நசுங்கி ரிம் டியூபைக் கடிக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல் விழும், பாம்பு கடிச்ச மாதிரி. அந்த அடையாளம் பார்த்தா டயரைத் திட்டாதீங்க, பம்பை எடுங்க.

37 அகலத்துக்கு, ஆள் 60 கிலோன்னா முன்னாடி 50, பின்னாடி 55 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டர்ல காட்டுற காத்தழுத்த அளவு). 75 கிலோன்னா 55, 65. 90 கிலோவோட லேப்டாப் பையும் கேரியர்ல ஏத்தினா 65, 75. எதுவானாலும் டயர்ல அச்சடிச்ச குறைந்தபட்சம், அதிகபட்சம் ரெண்டுக்கும் நடுவுல நில்லுங்க. 16 இன்ச் சின்ன டயருக்கு இதைவிடக் கூட வேணும், 65ல இருந்து 80 வரைக்கும். கட்டை விரலால அமுக்கிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 40க்கும் 60க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, அதுவும் விறைப்பான டயர்ல சுத்தமா தெரியாது. மீட்டர் வச்ச நின்னு அடிக்கிற பம்ப் ஒண்ணு வாங்கிடுங்க. வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை மாதிரி ஒரு நாள் வச்சுக்கிட்டு அடிங்க.

அதிகமா அடிச்சாலும் தொல்லை. கல்லு மாதிரி இருக்கிற டயர் அமுங்கிக் கொடுக்காது, கண்ணாடிச் சில்லு நேரா இறங்கும்.

பெட்ரோல் பங்க்ல காத்து பிடிக்கணும்னா பைக், கார்ல இருக்கிற தடி வால்வு வேணும். ஒல்லியான பிரெஸ்டா வால்வுன்னா ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் சாவிக்கொத்துல தொங்கட்டும். சைக்கிள் டியூபுக்குள்ள காத்து கொஞ்சம்தான் பிடிக்கும், கம்ப்ரஸர் ரெண்டு செகண்ட்ல தள்ளிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்க. அல்சூர்ல தமிழே போதும். பெல்லந்தூர் பக்கம் கடைக்காரர்கிட்ட 'காளி ஹாக்கி'ன்னா காத்து அடிச்சுடுவார். நம்ம காளி இல்லை, முதல் எழுத்தை 'ga'ன்னு சொல்லணும், கன்னடத்துல காத்துக்கு அதுதான் பேரு.

பதில் 4

மாட்டும் முறை. விறைப்பான டயரை வாங்கிவிட்டு கடைப் பையனிடம் கொடுத்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான். புது டியூப் அங்கேயே கிழியும், வீட்டுக்கு வந்தபின் காற்று இறங்கும், பழி டயர்மேல் விழும். பிளாஸ்டிக் லீவர் மூன்று வாங்கி நீங்களே கொடுங்கள், அல்லது நீங்களே மாட்டுங்கள்.

முதலில் ரிம் டேப், அதாவது டியூபுக்கு அடியில் ரிம்மைச் சுற்றி ஓடும் பட்டை. ஸ்போக் கம்பியின் தலை எங்கேயாவது எட்டிப் பார்க்கிறதா என்று விரலால் தடவுங்கள். டேப் நகர்ந்திருந்தால் துணி டேப் புதிதாகப் போடுங்கள். பிறகு டயரின் ஒரு பக்க விளிம்பை முழுக்க ரிம்முக்குள் ஏற்றுங்கள். டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வையுங்கள். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரு கைகளாலும் இரு பக்கமும் ஏற்றிக்கொண்டே வால்வில் வந்து முடிக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்வார்கள். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஏற்கெனவே ஏறிய விளிம்பை அந்தப் பள்ளத்தில் அமுக்கி வைத்தால்தான் கடைசி அரை அடிக்குத் தளர்ச்சி கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் பள்ளத்துக்குள் இறங்க முடியாது, அதனால்தான் அங்கே முடிக்கச் சொல்வது. ஏறிய பக்கம் திரும்ப நழுவினால் ஒரு பழைய பெல்ட்டால் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டுங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி ஏறும்.

ஏறிய பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள். அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். 30 பிஎஸ்ஐ அடித்து, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால், காற்றை விட்டுப் பிசைந்து சரிசெய்துவிட்டு முழுக் காற்று அடியுங்கள்.

டயரில் எழுதிய பெயர் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுவது அழகுக்காக அல்ல. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தபின், வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால் டயரில் எந்த இடத்தில் கம்பி நிற்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கம்பியை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுநாள் காலை மறுபடி பஞ்சர். வெளியிலிருந்து தெரியாது. கொஞ்சம் பஞ்சை உள்பக்கம் ஓட்டினால் கம்பி நிற்கும் இடத்தில் இழை மாட்டி நிற்கும். விரலை ஓட்டாதீர்கள், கிழிக்கும்.

பதில் 1 (மறுபடி)

நல்லா சொன்னீங்க. ஓட்டை இருக்கிற இடமே காரணத்தைச் சொல்லிடும். ரோட்டுப் பக்கம் ஒத்தைப் புள்ளின்னா கம்பி, கண்ணாடி. ரிம் பக்கம்னா ஸ்போக் தலை. வால்வு அடில கிழிஞ்சா காத்துக் குறைவுல டயர் ரிம்மைச் சுத்தி நகர்ந்திருக்கு. கடைசி ரெண்டுக்கும் எவ்வளவு விலை டயர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

மாசம் ஒரு தடவை டயரைக் கையால சுத்தி, ரப்பர்ல ஒட்டியிருக்கிற சில்லு, கம்பியை ஒரு ஊக்கால கிண்டி எடுங்க. பத்து நிமிஷ வேலை. மழைக்காலத்துல வாரா வாரம் செய்யுங்க. ஈரமான ரப்பர்ல கண்ணாடி சுலபமா வெட்டும், அதனால செப்டம்பர், அக்டோபர் மழைல பஞ்சர் கூடத்தான் செய்யும். ரோட்டோரத்தை ஒட்டியும் ஓட்டாதீங்க. கார் சக்கரம் தள்ளிவிடற குப்பை எல்லாம் அங்கேதான் சேருது. ஒரு மீட்டர் தள்ளி வாங்க.

கேள்வி (தொடர்ச்சி)

நன்றி அண்ணா. டியூபுக்குள் ஊற்றும் பச்சைத் திரவம், டயருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டை, காற்றே வேண்டாத டயர், டியூப்லெஸ் என்று ஆன்லைனில் நிறையக் காட்டுகிறதே?

பதில் 2

காற்றில்லா டயர் வேண்டவே வேண்டாம். குழியில் இறங்கும் அதிர்ச்சி முழுக்க ஸ்போக்குக்கும் உங்கள் மணிக்கட்டுக்கும் போகும். பிளாஸ்டிக் பட்டை பரவாயில்லை. ஆனால் அதன் வெட்டிய முனை டியூபை உரசி உரசித் தானே ஓட்டை போடும். முனையை வட்டமாகச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே துணி டேப் ஒட்டிவிட்டு வைக்கவேண்டும். திரவம் சின்னக் கம்பி ஓட்டையை அடைக்கும். வால்வின் உள்பகுதி கழலக்கூடிய டியூபில்தான் ஊற்ற முடியும். அது அடைக்காத ஓட்டை வந்தால் பஞ்சர் ஒட்டுவது நரகம், ஈரத்தில் பேட்ச் பிடிக்காது. டியூப்லெஸ்ஸுக்கு அதற்கான ரிம் வேண்டும், திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபீஸ் சைக்கிளுக்குத் தேவையில்லை.

பதில் 4

எப்போது மாற்றுவது என்றும் சொல்லிவிடுகிறேன். டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகும், அது இயல்பு. பச்சையோ நீலமோ வெளியே தெரிந்தால், அல்லது துணி இழை தெரிந்தால் மாற்றுங்கள். பக்கச் சுவரில் வெட்டு விழுந்து டயர் புடைத்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பின் டயர் முதலில் தேயும். அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடவேண்டும். முன்னால் வெடித்தால் விழுவீர்கள், பின்னால் வெடித்தால் ஆடிக்கொண்டு நிற்பீர்கள். பால்கனி வெயிலில் சைக்கிளை நிறுத்தினால் ஓடாமலே ரப்பர் வெடிப்பு விடும். அப்பார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் இடம் இருந்தால் அங்கே வையுங்கள்.

பையில் ஒரு ஸ்பேர் டியூப், லீவர் மூன்று, கைப்பம்ப், அடாப்டர், பிளாஸ்டிக் கையுறை. சொல்யூஷனை ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும், எனவே திறக்காத சொல்யூஷன் டியூப் ஒன்று தனியாக இருக்கட்டும்.