புதுப்பிப்பு: 430டிஎக்ஸ் போர்டில் கே6-2 400 ஓடுகிறது

இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் உள்ள, பென்டியம் எம்எம்எக்ஸ் காலத்து சாக்கெட் 7 மதர்போர்டு, பஸ் (பிராசசரும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகம்) 66 மெகாஹெர்ட்ஸ்தான், இதில் 400 மெகாஹெர்ட்ஸ் பிராசசரான ஏஎம்டி கே6-2 400 ஓடுமா என்று கேட்டிருந்தேன். ஓடுகிறது, முழு 400-லேயே. பஸ் வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் ஜம்பரை (போர்டில் செருகும் சிறு இணைப்பு) 2-இல் வைத்தால் இந்த சிப் அதை 6 என்று எடுத்துக்கொள்ளும்: 66 (துல்லியமாக 66.67) × 6.

வோல்டேஜில்தான் உயிர் இருக்கிறது. எம்எம்எக்ஸுக்கு 2.8 வோல்ட், இதற்கு 2.2. மேனுவலில் 2.2 இல்லையா? இந்தப் போர்டின் நான்கு ஜம்பர்கள் 2.0-க்கு மேல் 0.1, 0.2, 0.4, 0.8 எனக் கூட்டுகின்றன, 0.8-ஐக் கழற்றி 0.2-ஐ மட்டும் போட்டால் போதும். சிப்பைப் பொருத்துமுன் ரெகுலேட்டர் அவுட்புட்டை மல்டிமீட்டரில் கட்டாயம் பாருங்கள்.

ரேம் 64 எம்பிக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை போர்டிலுள்ள கேஷ் (வேகமான இடைநினைவகம்) தொடாது. விண்டோஸ் 95 பூட் ஆகும்போதே 'புரொடெக்‌ஷன் எரர்' காட்டினால் போர்டைச் சந்தேகிக்காதீர்கள். கே6-2 350 மெகாஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ ஓடினால், விண்டோஸ் 95 நேரத்தை அளக்க ஓட்டும் டைமிங் லூப் சீக்கிரம் முடிந்து, பூஜ்யத்தால் வகுக்கப் போய்விடுகிறது. அதற்கான பேட்ச் (திருத்தக் கோப்பு) போடுங்கள், அல்லது விண்டோஸ் 98.