கோல்ஃபில் டிரைவர் அடி மட்டும் இடப்பக்கமே போகிறது: கிரிப்பா, ஸ்விங்கா, கிளப்பா?

பாயான்_பாரு_19

வணக்கம். வலக்கை ஆட்டம், ஹேண்டிகேப் 19, அதாவது சுமாரான ஆட்டக்காரன். அயர்ன் (இரும்புத் தலை கிளப்) எல்லாம் ஒழுங்காகப் போகிறது, 7 அயர்னில் லேசான டிரா (இடப்பக்கச் சிறு வளைவு), அவ்வளவுதான். தூர அடிக்கான நீளமான கிளப், டிரைவரை எடுத்தால்தான் தொல்லை. பாதிக்கு மேல் இலக்குக்கு இடப்பக்கமே கிளம்பி இன்னும் இடப்பக்கம் மடங்குகிறது. மிச்சத்தில் சில வலப்பக்கம் கிளம்பி, ஃபேர்வேயை (நடுவில் உள்ள வெட்டிய புல்வெளி) குறுக்கே தாண்டி இடப்பக்க மரத்துக்குள் விழுகிறது. இரண்டுமே தாழ்வாகப் பறக்கிறது.

டிரைவரின் லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) 10.5 டிகிரி, ரெகுலர் சாஃப்ட் (தண்டு), கழுத்தில் லாஃப்டை மாற்றத் திருப்பும் ஸ்லீவ் உண்டு. உயரம் போதவில்லை என்று 12க்குத் திருப்பி வைத்திருக்கிறேன். கிளப்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடக்கையில் மூன்று விரல் முட்டி தெளிவாகத் தெரியும், நான்காவது எட்டிப் பார்க்கும். பந்து இடப்பக்கம் போவதால் இப்போது ஃபேர்வேயின் வலது ஓரத்தைப் பார்த்து நிற்கிறேன். பயிற்சி ரேஞ்சில் உள்ள திரை பந்து போகும் வழியை மட்டும் காட்டும், கிளப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எதில் முதலில் கை வைப்பது?

கிளாங்_லாமா_ரோடு

தம்பி, இரண்டும் மரத்துக்குள்தான் விழுகிறது என்றாலும் இரண்டும் வேறு வேறு அடி. பந்து எங்கே விழுந்தது என்று பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் கிளம்பியது, பிறகு எந்தப் பக்கம் வளைந்தது என்று தனித்தனியாகப் பாருங்கள். அதற்கு உங்கள் ரேஞ்சுத் திரையே போதும்.

கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, பந்தில் படும் நேரத்தில் கிளப் முகம் பார்க்கும் திசை. டிரைவரில் 80 சதவீதத்துக்கு மேல் அதுதான். வளைவு என்பது முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். கணக்குப் போட்டால் சுலபம். பாதை 7 டிகிரி வலம், முகம் 3 டிகிரி வலம் என்றால் பந்து வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் ஹூக் ஆகும் (பலமாக வளையும்). பாதை 1 டிகிரி இடம், முகம் 5 டிகிரி இடம் என்றால் இடப்பக்கமே கிளம்பி இன்னும் உள்ளே மடங்கும், அது புல்-ஹூக். பாதையும் முகமும் சேர்ந்து 4 டிகிரி இடம் பார்த்தால் வளைவே இருக்காது, நேராக இடப்பக்கம் போகும். அதுதான் சுத்தமான புல் ஷாட். பந்து காற்றில் போகும் 200 மீட்டர் தூரத்துக்கு அந்த 4 டிகிரியே 14 மீட்டர் இடப்பக்கம் தள்ளிவிடும்.

இப்போது முதல் இரண்டையும் ஒப்பிடுங்கள். பாதை 8 டிகிரி மாறியிருக்கிறது. ஆனால் முகம் பாதையை விட 4 டிகிரி மூடியிருப்பது (இடப்பக்கம் பார்ப்பது) இரண்டிலும் ஒன்றே. உங்கள் இரண்டு அடிக்கும் பொதுவான குற்றவாளி முகம்தான். பாதை அங்கும் இங்கும் ஆடுவதற்குக் காரணம் வலது ஓரத்தைப் பார்த்து நிற்பது. உடம்பு நின்ற திசைக்கே வீசினால் ஹூக். பாதியில் கண்ணுக்கு இலக்கு நினைவு வந்து இழுத்துவிட்டால் புல்-ஹூக். வலப்பக்கம் நிற்க நிற்க இரண்டும் கூடுமே தவிர குறையாது.

இன்னொரு சோதனை, இதைச் செய்யாமல் கிரிப்பைத் தொடாதீர்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு கிளப்பைப் பார்க்குமாறு டீயில் (பந்தைத் தாங்கும் குச்சி) வைத்து அடியுங்கள். முகத்தில் அச்சு விழும். துடைத்துவிட்டு மறுபடி. பத்துப் பன்னிரண்டு பந்து போதும். அச்சு டோ (தண்டுக்கு எதிர் முனை) பக்கம், நடுவிலிருந்து ஒரு செ.மீ.க்கு மேல் தள்ளி விழுந்தால், ஸ்விங் சரியாக இருந்தாலும் கியர் எஃபெக்டால் (ஓரத்தில் பட்டுத் தலை திருகுவதால்) பந்து இடப்பக்கம் சுழலும். டிரைவர் முகம் வெளிப்புறம் புடைத்திருப்பதால் டோவில் பட்ட பந்து வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் திரும்பும். உங்கள் இரண்டாவது வகை அடியில் கொஞ்சம் வெறும் டோ அடியாகவே இருக்கலாம். அப்படியானால் கிரிப் முனைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு முஷ்டியும் பெருவிரலும் நுழையும் அளவுக்குக் கிட்ட நில்லுங்கள். ஸ்விங்கில் எடை குதிகாலுக்குச் சரிகிறதா என்றும் பாருங்கள். சரிந்தால் எவ்வளவு கிட்ட நின்றாலும் டோவில்தான் படும்.

செந்தூல்_ஃபேட்

கிரிப்தான்லா. மூன்றரை முட்டி என்பது டிரைவருக்கு ரொம்ப ஸ்ட்ராங், அதாவது கை வலப்பக்கம் அதிகம் திரும்பி முகத்தை மூடும் பிடி. இரண்டு, கூடிப்போனால் இரண்டரைக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் கிளப்பைத் தரையில் வைத்து முகத்தை இலக்குக்கு நேராக்குங்கள், அதற்குப் பிறகுதான் கை. பலர் கிரிப்பைப் பிடித்துவிட்டுக் கடைசியில் முகத்தைத் திருப்பி நேராக்குகிறார்கள், அப்போது பழைய கிரிப்பே திரும்பி வந்துவிடும். இடக்கைப் பெருவிரல் சாஃப்டின் நடுவிலிருந்து ஒரு நூல் வலப்பக்கம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு வலது காதைப் பார்க்கட்டும், தோளைத் தாண்டக் கூடாது. வலக்கையையும் மறக்காதீர்கள். ஹூக் அடிப்பவர்களில் நிறையப் பேருக்கு வலது உள்ளங்கை கிளப்புக்கு அடியில் கிடக்கும். இடக்கையை மட்டும் திருத்திவிட்டு அதை அப்படியே விட்டால் ஒன்றும் மாறாது.

நம் ஊர் வேர்வையும் ஒரு காரணம். ஈரமான தோல் கையுறை வழுக்கும், வழுக்கினால் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் முன்கை விறைத்து உடம்பு திரும்பாது. இரண்டு மூன்று கையுறை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், கழற்றியதைப் பக்கியில் (மைதான வண்டி) காற்றுப்படக் கட்டிவிடுங்கள். மழைக்கென்று விற்கும் கையுறை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும்.

அமெரிக்கச் சாம்பியன் பென் ஹோகனே ஹூக்கோடு போராடி, கிரிப்பை வீக் ஆக்கி, மேலே போகும்போது இடது மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கித்தான் அதைத் தீர்த்தார். 1955இல் லைஃப் பத்திரிகையில் அவரே வெளியிட்ட ரகசியம் அது.

ஸ்ரீ_பெட்டாலிங்

செந்தூல் அண்ணே, இரண்டரை முட்டி வரைக்கும் சரி. ஹோகனை 19 ஹேண்டிகேப்காரருக்குச் சொல்லாதீர்கள். அவர் இடுப்பைத் திருப்பிய வேகம் திறந்த முகத்தை நேராக்கிவிட்டது. நம் ஆட்கள் இடுப்பை நிறுத்திவிட்டு மணிக்கட்டை மட்டும் அப்படி மடக்கினால் பந்து வலப்பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குத்தான் போகும். பிறகு ஸ்லைஸ் (வலப்பக்க வளைவு) திருத்த இன்னொரு இழை திறக்க வேண்டும்.

கேட்டவருக்கு: கிரிப்பை ஒரே நாளில் மூன்றரையிலிருந்து இரண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அரை முட்டி குறையுங்கள், பந்து எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள், பிறகு அடுத்த அரை. மாற்றியதும் சில பந்து வலப்பக்கம் நேராக நழுவும். அது நல்ல அறிகுறி. பழைய கிரிப்புக்கு உடம்பு பழகிய 'வெளியே வீசும்' பாதை இன்னும் இருக்கிறது, அதை மறைத்துக்கொண்டிருந்த மூடிய முகம் போய்விட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில் பயந்து பழைய கிரிப்புக்கே திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

அப்போது பாதையைத் தொடுங்கள். டிரைவர் உறையைப் பந்துக்குப் பின்னால் சுமார் 40 செ.மீ. தள்ளி, இலக்குக் கோட்டிலிருந்து உங்கள் கால் பக்கம் 12 முதல் 15 செ.மீ. உள்ளே வையுங்கள். கிளப் ரொம்ப உள்ளிருந்து வந்தால் உறையில் தட்டும். இடுப்பளவு ஸ்விங்கில் தொடங்குங்கள், தட்டாமல் வந்தால் முக்கால் ஸ்விங். முழு வேகம் இந்தப் பயிற்சிக்கு வேண்டாம். பெட்டி, கூடை மாதிரி கெட்டியான எதையும் வைக்காதீர்கள், மணிக்கட்டுக்கு ஆபத்து.

புல்-ஹூக்குக்கு மருந்து வேறு. அங்கே பெரும்பாலும் நடப்பது, கீழே வரும்போது மார்பு பந்தைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது, கை மட்டும் முந்திப்போய் முகத்தைச் சுருட்டுகிறது. 7 அயர்னை எடுத்து இடுப்பளவு தூக்கி இடுப்பளவு முடிக்கும் ஸ்விங் அடித்து, முடிவில் அப்படியே நில்லுங்கள். சட்டைப் பொத்தான் இலக்குப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கிளப்பின் டோ வானத்தைப் பார்க்க வேண்டும். டோ இடப்பக்கம் தரையை நோக்கிக் கவிழ்ந்திருந்தால் கை சுருட்டிவிட்டது. அயர்னில் இது லேசான டிராவாகத் தெரியும், கவலைப்பட மாட்டோம். லாஃப்ட் குறைந்த, நீளமான டிரைவரில் அதே தப்புதான் மரத்துக்குள் போகிறது. பந்து வைக்கும் இடத்தையும் பாருங்கள். இடது குதிகாலின் உள்பக்க நேர். அதற்கும் முன்னால் போனால் கிளப் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிய பிறகு படும், அதுவும் புல்தான். பின்னால் வந்தால் வலப்பக்கம் கிளம்பும் ஹூக்.

ரேஞ்சில் பாய் காட்டும் திசையை நம்ப வேண்டாம். ஒரு குச்சியைக் கால் விரலுக்கு இணையாகப் போட்டு, தோள் அதைத் தாண்டி வலப்பக்கம் மூடியிருக்கிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஷா_ஆலாம்_பட்டறை

எல்லோரும் ஸ்விங்கைப் பேசுகிறீர்கள், அவர் எழுதிய ஸ்லீவை யாரும் கவனிக்கவில்லையே. முதல் வேலை அதுதான், காசும் செலவில்லை.

திருப்பும் ஸ்லீவில் லாஃப்டைக் கூட்டினால், கிளப்பைத் தரையில் இயல்பாக வைக்கும்போது முகம் இடப்பக்கம் மூடிக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு டிகிரி லாஃப்டுக்கு இரண்டு டிகிரி முகம். நீங்கள் 1.5 கூட்டியிருக்கிறீர்கள். அதாவது ஸ்விங் தொடங்கும் முன்பே 3 டிகிரி மூடிய முகம், அதன் மேல் மூன்றரை முட்டி கிரிப். இன்னொன்று, பந்து தாழ்வாகப் போவதற்கே காரணம் மூடிய முகம்தான், மூட மூட அடிபடும் நேரத்து லாஃப்ட் குறையும். உயரம் இல்லை என்று ஸ்லீவைத் திருப்பி, அதனால் முகம் இன்னும் மூடி, இன்னும் தாழ்வாகி... 10.5க்கே திருப்புங்கள். உயரம் வேண்டுமென்றால் டீயை ஏற்றுங்கள், பாதிப் பந்து கிளப்பின் மண்டைக்கு மேலே தெரியட்டும். ரேஞ்சின் ரப்பர் டீ தாழ்வாக இருந்தால் உயரமானதைக் கேட்டு வாங்குங்கள்.

திருப்பும்போது டார்க் சாவி 'க்ளிக்' என்று சொல்லும் வரை முறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். சில ஸ்லீவில் சாஃப்டும் சேர்ந்தே சுழலும். கிரிப்பின் அடியில் மேடு வைத்த வகை என்றால் அந்த மேடும் இடம் மாறியிருக்கும், விரல் அதைத் தேடிப்போய்க் கிரிப்பைத் தப்பாகப் பிடிக்கும். இரட்டை வளையம் உள்ள ஸ்லீவில் இந்தத் தொல்லை இல்லை.

தலையில் நகர்த்தும் எடை இருந்தால் ஹீலிலிருந்து (தண்டுப் பக்க முனை) டோ பக்கம் தள்ளுங்கள், முகம் மூடும் வேகம் கொஞ்சம் குறையும். ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கென்றே எடையை ஹீலில் பதித்த 'டிரா' வகைத் தலை என்றால் எவ்வளவு திருத்தினாலும் அது இடப்பக்கம்தான் இழுக்கும், விற்றுவிடுங்கள். கிரிப் மெலிதாக இருந்து விரல் நுனி உள்ளங்கையில் குத்தினால் அடியில் ஒன்றிரண்டு சுற்று டேப் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். சாஃப்ட் மாற்றுவதெல்லாம் கடைசி. கிரிப்பும் ஸ்லீவும் சரியாவதற்கு முன் ஸ்டிஃப் சாஃப்ட் வாங்கினால் நூற்றுக்கணக்கான ரிங்கிட் வீண்.

பாயான்_பாரு_19

எல்லோருக்கும் நன்றி. ஸ்லீவை 10.5க்குத் திருப்பிவிட்டேன், அரை முட்டி குறைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மெடல் போட்டி இருக்கிறது, அதற்குள் எல்லாம் சரியாகாது. அன்றைக்கு எப்படிச் சமாளிப்பது?

கிளாங்_லாமா_ரோடு

இடப்பக்கம் ஓ.பி. (மைதான எல்லைக்கு வெளியே) உள்ள ஹோல்களில் டிரைவரைப் பையிலேயே விடுங்கள். லாஃப்ட் கூடிய 5 வுட் அல்லது ஹைப்ரிட் கிளப்பை எடுங்கள். லாஃப்ட் கூடினால் பின்சுழல் கூடும், அதே தப்புக்கு வளைவு குறையும். 20, 30 மீட்டர் தூரம் குறையும், ஸ்ட்ரோக் வீணாகாது. டீ பாக்ஸின் இடது ஓரத்தில் டீ வைத்து ஃபேர்வேயின் நடுவைப் பாருங்கள், வலது ஓரத்தை இல்லை. டீ மார்க்கர் காட்டும் திசையையும் நம்பாதீர்கள், பல இடத்தில் அது மரத்தைப் பார்க்கும். பந்துக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில் காய்ந்த புல்லையோ பழைய டிவட்டையோ (புல் பெயர்ந்த தடம்) குறி வைத்து முகத்தை அதற்கு நேராக்குங்கள். ஓ.பி. போய்விட்டால் அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும், இரண்டு ஸ்ட்ரோக் தண்டனையோடு ஃபேர்வே ஓரத்தில் டிராப் செய்யும் (பந்தைப் போட்டு ஆடும்) உள்ளூர் விதி மெடலில் பெரும்பாலும் இருக்காது. ஸ்கோர் கார்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஷா_ஆலாம்_பட்டறை

ஒன்று மறந்துவிட்டேன். முதல் டீயில் அடித்த பிறகு ஸ்லீவையும் எடையையும் தொடாதீர்கள். விதி 4.1, ரவுண்டின் நடுவே திருப்பி அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம். சாவியைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.