எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் முதுகைத் தொட்டாலே கத்துகிறான்

நாகலூர் தோட்டம்:
ஏற்காட்டில் இருக்கிறோம். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஐந்து வயது, ஆண். கொஞ்ச நாளாக ஜீப்பில் ஏற மாட்டேன் என்கிறான், முதுகைக் கூனிக்கொண்டு விறைப்பாக நடக்கிறான், இடுப்புக்கு மேலே கை வைத்தால் கத்துகிறான். மெலிந்தும் விட்டான். காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சுளுக்கு என்றார்கள். வலி ஊசி போட்டால் தேவலை, மருந்து இறங்கியதும் பழையபடி. ஸ்டீராய்டு போடலாமா?

அஸ்தம்பட்டி கால்நடை டாக்டர்:
ஸ்டீராய்டு இப்போது வேண்டாங்க, கிருமி இருந்தால் அது இன்னும் பரவிவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்கோஸ்பாண்டிலைட்டிஸைத்தான் முதலில் சந்தேகப்படுவேன், அதாவது முதுகெலும்பு டிஸ்க்கிலும் அதை ஒட்டிய எலும்பிலும் கிருமி தங்கிவிடுவது. பெரிய இன ஆண் நாய்களுக்குத்தான் அதிகம் வரும். காய்ச்சல் இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள், இதில் நிறைய நாய்களுக்குக் காய்ச்சலே இருக்காது. எக்ஸ்ரேயும் அப்படித்தான், தொடங்கி 2 முதல் 4 வாரம் வரை எலும்பில் மாற்றமே தெரியாமல் இருக்கலாம், அதற்கப்புறம்தான் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் எலும்பு ஓரம் அரித்த மாதிரி தெரியும். மறுபடி எடுங்கள், முதுகு முழுவதும், ஒரே நேரத்தில் பல இடத்தில் இருக்கலாம். எம்ஆர்ஐ என்றால் முன்னதாகவே தெரிந்துவிடும்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான், ஆனால் ஷெப்பர்டுகளுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் வருவதுண்டு, அதற்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. புருசெல்லா டெஸ்ட்டும் கட்டாயம், அது மேட்டிங்கில் பரவி, குட்டிகள் செத்துப் பிறக்கக் காரணமாகும் பாக்டீரியா. மேட்டிங்குக்கு விட்டிருக்கிறீர்களா?

ஓமலூர் லேப்ரடார் வீடு:
எங்களுக்கும் சுளுக்கு என்றுதான் சொன்னார்கள், கடைசியில் இதுதான். சரியாகிவிட்டான், ஆனால் மாத்திரை மாதக்கணக்கில் போனது. ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள், திரும்ப வரும். நாமக்கல், தலைவாசல் இரண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காட்டுங்கள். வலி தாங்காமல் கத்துகிறான் என்று நமக்கு வாங்கிய பாராசிட்டமால், புரூஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

நாகலூர் தோட்டம்:
நன்றி. டாக்டர், மேட்டிங்குக்கு விட்டோம். அந்தப் பெண் நாய்க்கு எல்லாக் குட்டியும் செத்தேதான் பிறந்தது என்றார்கள்.

அஸ்தம்பட்டி கால்நடை டாக்டர்:
அப்படியானால் புருசெல்லாவை முதலில் பாருங்கள். மனிதருக்கும் தொற்றும். ரிசல்ட் வரும் வரை சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஒதுங்கியே இருக்கட்டும், அந்த வீட்டாருக்கும் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். பின்னங்கால் தள்ளாடினாலோ சிறுநீர் தானாகச் சொட்டினாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே கீழே கூட்டி வாருங்கள்.