இரட்சிப்புச் செய்தியைக் கேட்டவர்கள் எந்த இடத்தில் மறுக்கிறார்கள்?

வடகரை:

வேதாகம வகுப்பு ஒன்றுக்குக் குறிப்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இரட்சிப்புச் செய்தியைக் கேட்டவர்கள் ஏன் மறுத்தார்கள், இன்றும் ஏன் மறுக்கிறார்கள் என்பது தலைப்பு. வழக்கமாகக் கிடைக்கும் பதில் மூன்றுதான்: இருதயக் கடினம், உலக ஆசை, 2 கொரிந்தியர் 4:4 சொல்வதுபோல் மனக்கண் குருடானது. இதை வைத்து ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. மறுத்தவர் வாயால் என்ன சொன்னார் என்பதே இதில் இல்லையே! செய்தியின் எந்த வரியில் ஆள் விலகுகிறார்? சொல்லிலா, கொள்கையிலா, ஊர்க்கட்டுப்பாட்டிலா? விசுவாசி, சைவர், நாத்திகர் யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:

மறுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பின்னால் சக மிஷனரி கிருண்ட்லரோடு சேர்ந்து, தமிழர்களிடம் கேள்விகளைக் கொடுத்துக் கடிதமாகப் பதில் வாங்கினார். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. நீங்கள் ஏன் எங்கள் மதத்துக்கு வருவதில்லை என்பதும் கேள்விகளில் ஒன்று. திரித்துவம், சிலுவை என்று பதில் போகும் என்று எதிர்பார்ப்போம். முதலில் வந்தது அதுவல்ல. பசுவைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், கால் கழுவத் தண்ணீர் எடுப்பதில்லை, வீட்டுக்குள் துப்புகிறார்கள். கொண்டுவந்த ஆளைப் பார்த்துத்தான் செய்தியை எடை போட்டிருக்கிறார்கள்.

அதற்கு நூறு வருடம் முந்தைய மதுரையைப் பாருங்கள். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியத் துறவி 11 வருடம் இருந்தார். அவருடைய தேவாலயத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் கடற்கரையிலிருந்து வந்த பழைய கிறிஸ்தவர்கள்தான். ஞானஸ்நானத்தின்போது அவர் கேட்ட கேள்வியின் பொருள், ‘பறங்கிக் குலத்தில் புகச் சம்மதமா?’ என்பது. பறங்கி என்றால் மதம் என்று அவர் நினைத்தார். கேட்டவனுக்கோ மாட்டிறைச்சியும் கள்ளும் குளியாமையும் சேர்ந்த ஒரு சாதியின் பெயர் அது. சம்மதமா என்றால் இல்லை என்றுதானே சொல்வான்! 1606 நவம்பரில் அங்கே வந்த தத்துவ போதகர் (ராபர்ட் தெ நோபிலி) முதலில் மாற்றியது இதைத்தான். நான் பறங்கி இல்லை என்று அறிவித்து, காவி கட்டி, மண் வீட்டில் இருந்து, நாளைக்கு ஒரு வேளை மட்டும் மரக்கறி உணவு. ஆட்கள் வந்தார்கள். உடனே சொந்த சபையிலேயே புகார் கிளம்பி ரோமாபுரி வரை போயிற்று. 1623இல் பதினைந்தாம் கிரகோரியார் அனுமதி தந்த பிறகே ஓய்ந்தது. ஆனால் சாதி வேறுபாட்டை அப்படியே உள்ளே கொண்டுவந்த கணக்கும் நோபிலி தலையில்தான் விழும்.

ஒலிவ மரம்:

நான் மொழிபெயர்ப்புப் பக்கம் இருந்து சொல்கிறேன். நாலு சொற்களில் பெரும்பாலானவர் வழுக்குகிறார்கள்.

‘மறுபடியும் பிறவாவிட்டால்’ (யோவான் 3:3). தெருமுனைப் பிரசங்கத்தில் இதைவிடத் தவறான தொடக்கம் கிடையாது. பிறவி அறுப்பதுதான் இந்த மண்ணில் முத்தி. பிறவிப் பெருங்கடலை நீந்துவது என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். அந்தக் காதில் போய், மறுபடி பிறந்தால்தான் கதி என்றால், நோயையே மருந்தாகக் கொடுக்கிறாய் என்று கேட்பார். மூலத்தில் உள்ள ‘அனோத்தன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’, ‘மேலிருந்து’ என்று இரண்டு பொருளும் உண்டு. இயேசுவிடம் இரவில் கேட்க வந்த நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு குழம்புவதுதான் அந்த அதிகாரமே. தமிழில் விளக்கும்போது ‘மேலிருந்து பிறப்பது’ என்று எடுத்தால் பாதிச் சிக்கல் போகும்.

‘நித்திய ஜீவன்’. சைவ, வேதாந்தப் பேச்சில் சீவன் என்றால் கட்டுண்ட உயிர். என்றென்றைக்கும் சீவனாகவே இரு என்பது வரமா, சாபமா? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘நிலைவாழ்வு’ என்று மாற்றியது நல்ல வேலை.

‘பாவி’. வீட்டில் ‘அடப்பாவி’ என்பது வசவு. ‘பாவம் பிள்ளை’ என்பது இரக்கம். ஒலிபெருக்கியில் ‘பாவிகளே’ என்றால் கேட்பவர் தன் குற்றத்தை நினைப்பதில்லை, திட்டுகிறான் என்றுதான் நினைக்கிறார்.

‘இரட்சிப்பு’. ரட்சிப்பது என்றால் காப்பது. நோய், கடன், பில்லிசூனியம் இவற்றிலிருந்து காப்பாற்றுவார் என்றே காதில் விழுகிறது. காய்ச்சல் தீர்ந்ததும் ஆள் வருவதில்லை என்று போதகர்கள் குறைபடுகிறார்கள். அவர் காப்பைத்தான் கேட்டார், காப்பு கிடைத்தது, போய்விட்டார். இதை மறுப்பு என்று எழுதாதீர்கள்.

இரத்தம் பற்றியும் ஒரு வரி. ‘ஆட்டுக்குட்டியின் இரத்தத்தால்’ என்ற பாட்டு, கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் ஊரில் யாரையும் உறுத்தாது. பலி என்றால் என்ன, யாருக்காக என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதே பாட்டைச் சைவ உணவுக்காரர் வீட்டு வாசலில் பாடினால் கதவு சாத்தப்படும்.

பதிபசு:

சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்பது போல் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆறுமுக நாவலரை விடவா தமிழ் விவிலியம் தெரிந்தவர்? யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து அந்த மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். அது அச்சேறுவதற்கு முன்பே, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்ற மறுப்பு நூல். கோயில் விளக்கையும் தூபத்தையும் அபிஷேகத்தையும் கேலி செய்கிற பாதிரிமார் தங்கள் யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் முதலில் படிக்கட்டும், அங்கே விளக்கும் தூபமும் ஆசாரியரும் இல்லையா என்று அவர்கள் புத்தகத்தைக் கொண்டே மடக்கினார். வரிவரியாகப் படித்துவிட்டு மறுத்தவர் அவர். உங்கள் பாடக் குறிப்பில் இந்த வகைக்கு இடம் இருக்கிறதா?

கொள்கைக்கு வருவோம். ‘ஒருவன் வினையை இன்னொருவன் சுமக்க முடியாது, அதனால்தான் சிலுவையை மறுக்கிறார்கள்’ என்று பலர் எழுதுகிறார்கள். தீதும் நன்றும் பிறர் தர வாரா என்பதையும் துணைக்கு இழுப்பார்கள். பாதிதான் சரி. சைவ சித்தாந்தத்தில் வினை மூன்று. சஞ்சிதம் (முன்பே சேர்ந்து கிடக்கும் வினை) குருவின் தீக்கையில் எரிகிறது. பிராரத்தம் (இந்தப் பிறவியில் பலன் தரும் வினை) உடம்போடு அனுபவித்துத் தீர்கிறது. ஆகாமியம் (இனிப் புதிதாகச் சேரும் வினை) ஏறாமல் குரு தடுக்கிறார். ஆகவே இன்னொருவர் அருளால் வினை நீங்குவது எங்களுக்கு அந்நியம் இல்லை. நஞ்சை உண்டு மற்றவரைக் காத்த நீலகண்டனை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது.

முட்டுகிற இடம் வேறு. சிவன் கருவில் வருவதில்லை. பிறவா யாக்கைப் பெரியோன் என்று சிலம்பே சொல்கிறது. பிறந்தான், பசித்தான், செத்தான் என்றால் அவன் பதி (இறைவன்) இல்லை, பசு (கட்டுண்ட உயிர்). கண்ணன் அவதாரத்தையும் இதே காரணத்துக்காகத்தான் சைவர் ஏற்பதில்லை; ஏசுவுக்கென்று தனிப் பகை கிடையாது. வைணவரிடம் போனால் கணக்கு மாறும். கடவுள் பிறந்து வருவது அவருக்குப் பழகிய சங்கதி. ‘ஒரே தடவை’ என்பதுதான் தொண்டையில் சிக்கும். வைணவத்தில் தென்கலைப் பிரிவினர் பூனைக்குட்டி உவமை சொல்வார்கள்: தாய்ப்பூனை கவ்விப் போகிறது, குட்டி ஒன்றும் செய்வதில்லை. இத்தனை கிருபையைப் பேசுகிறவரிடம் போய் ‘நீங்கள் கிரியையால் மோட்சம் தேடுகிறீர்கள்’ என்று ஆரம்பித்தால், வந்தவருக்கு எதிராளியின் வீட்டு விலாசமே தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

தலைக்கட்டு:

மேலே உள்ளதெல்லாம் படித்தவர் வாதம். கிராமத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்கிறேன்.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் பணம். கொடுக்க மாட்டேன் என்றால் சாமியை மட்டும் விட்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஊர்க் கணக்கிலிருந்தே பெயர் போகிறது. பிறகு சாவு, கலியாணம், தண்ணீர்த் தகராறு எதற்கும் ஆள் வராது. மூத்த மகன் என்றால் கொள்ளி, திதி. ‘உனக்கு மோட்சம் கிடைக்கட்டும், எனக்கு யார் கொள்ளி போடுவா?’ என்று அப்பா கேட்கும்போது ரோமர் நிருபம் உதவாது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பொட்டு, பூ, நகை எடுக்கச் சொல்கிறார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டில்லாத நெற்றியோடு தெருவில் நடப்பது என்ன என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் காகிதம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையும் பிறகு வந்த திருத்தங்களும் சொல்வதுபடி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தில் இருந்தால்தான் பட்டியல் சாதி. கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். 18 சதவீத ஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு மூன்றும் போகும். சொத்து விஷயத்தில், மதம் மாறியவருக்கு 1850ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வாரிசுரிமை போவதில்லை. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவைப் பாருங்கள்: மாறிய பிறகு பிறந்த பிள்ளை, சொத்துக்காரர் இறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தில் வாரிசாக முடியாது. அதனால் வீட்டுக்குள் ஜெபம், கழுத்தில் சிலுவை இல்லை, ஞானஸ்நானம் மட்டும் ‘பார்க்கலாம்’. இவரை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்?

வடகரை:

எல்லோருக்கும் நன்றி. ‘பாட்டன் பூட்டன் எல்லாம் நரகத்திலா?’ என்ற கேள்வி பற்றி யாரும் தொடவில்லையே? வகுப்பில் கட்டாயம் வரும். பொட்டு விஷயமும் எல்லா சபைக்கும் பொதுவா?

ஏட்டுச்சுவடி:

முன்னோர் கேள்வி பழையது. சவேரியார் ஜப்பானில் (1549 முதல் 1551 வரை) இதில்தான் மாட்டிக்கொண்டார். செத்த பெற்றோரை நரகத்திலிருந்து எடுக்க வழியில்லையா என்று கேட்டுப் புது விசுவாசிகள் அழுததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வழியில்லை என்றார். கத்தோலிக்கத் தரப்பில் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையாக இறைவனைத் தேடியவருக்கும் மீட்பு கிடைக்கலாம் என்று எழுதிவிட்டது. சீர்திருத்த சபைகளில் ஒரே பதில் கிடையாது. ரோமர் 2:14-16இல் (இருதயத்தில் எழுதப்பட்ட பிரமாணம்) ஆரம்பிப்பார்கள், 1 பேதுரு 3:19ஐச் (காவலில் உள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து பிரசங்கித்தது) சிலர் இழுப்பார்கள், பலர் பேச்சை மாற்றுவார்கள். பேச்சை மாற்றினால் கேட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

தலைக்கட்டு:

பொட்டு பொது இல்லை. கத்தோலிக்கப் பெண்கள் பொட்டும் பூவும் வைத்துக்கொண்டுதான் பூசைக்குப் போகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். நகையைக் கழற்றச் சொல்வது பெரும்பாலும் பெந்தெகொஸ்தே பக்கம்தான், அங்கும் எல்லா சபையிலும் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது சபையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முன் வரிசையில் இருக்கும் யாராவது எழுந்து பேச ஆரம்பித்துவிடுவார்.