கான்சஸ் ஸ்டேட் கோச் பில் ஸ்னைடர்: நேரில் பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்

சோளக்கொல்லை:

மன்ஹாட்டன் என்றதும் நியூயார்க்கை நினைக்க வேண்டாம். இது கான்சஸ் மாநிலத்து மன்ஹாட்டன். ஃபிளின்ட் ஹில்ஸ் புல்மேடுகளுக்கு நடுவே கான்சஸ் ஸ்டேட் என்ற பல்கலைக்கழகம், பக்கத்தில் ஃபோர்ட் ரைலி ராணுவ முகாம், அவ்வளவுதான் ஊர். சோளப் பயிர் வறட்சியை எப்படித் தாங்குகிறது என்று ஆராய 2009 ஆகஸ்டில் அங்கே போய் இறங்கினேன். "சோளத்தைப் படிக்க அமெரிக்கா போவானேன், நம்ம கொல்லையில் இல்லாததா?" என்று தாத்தா கேட்டது தனிக்கதை.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. காலையில் அறையை விட்டு வெளியே வந்தால் ஊரே ஊதா. கைக்குழந்தையிலிருந்து சக்கர நாற்காலித் தாத்தா வரை ஊதாச் சட்டை. ஆய்வக சீனியர் ஒருவர் மிச்சமிருந்த டிக்கெட்டைக் கையில் திணித்து ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனார். ஃபுட்பால் என்றால் பந்தைக் காலால் உதைப்பது என்ற அளவில்தான் என் அறிவு. இங்கே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஒல்லியான, தலை நரைத்த ஒருவர் மைதானத்துக்குள் வந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. யார் இவர் என்று பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் கேட்டுவிட்டேன். மதுரையில் நின்றுகொண்டு மீனாட்சி யார் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு எதிரே பெரிதாக எழுதியிருந்ததைக் காட்டினார்: பில் ஸ்னைடர் ஃபேமிலி ஃபுட்பால் ஸ்டேடியம். 2005-ல் அவர் ஓய்வு பெற்றபோது வைத்த பெயர். 'ஃபேமிலி' என்ற சொல்லை அவரே கேட்டுச் சேர்த்துக்கொண்டாராம். மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, 69 வயதில் மறுபடி வேலைக்கு வந்திருந்தார், தன் பெயர் வைத்த ஸ்டேடியத்துக்கே.

அன்று மாசசூசெட்ஸ் அணியோடு ஆட்டம். ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடுகிற அணி அது. 21-17 என்று தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தார்கள். கூட்டம் குதித்தது. அந்த மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

அப்புறம் அவரை நான் அருகில் பார்த்தது மறு வருட ஆகஸ்டில். பல்கலையின் வடக்குப் பண்ணை கிம்பால் அவென்யூவில், ஸ்டேடியத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சோளக்கதிர்களுக்குக் காகித உறை மாட்டும் வேலை முடிந்து, அளவுகளையும் குறித்து வைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஸ்டேடியத்தின் கார் நிறுத்தத்தில் ஒரே ஒரு ஆள், கக்கத்தில் காகிதக் கட்டு. அவரேதான். தலையசைத்தார், நானும் அசைத்தேன். அந்த ஊரில் அந்நேரத்துக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனது நாங்கள் இரண்டு பேர்தான் போலிருக்கிறது.

இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. பழைய ஆட்கள் வந்து சொல்லுங்கள்.

பழைய கோதுமை:

தம்பி, நீங்கள் பார்த்தது இரண்டாம் காண்டம். முதல் காண்டத்துக்கு முன்னால் நடந்த கூத்தையும் பார்த்தவன் நான். மாவு அரைக்கும் தொழில்நுட்பத்துக்குப் பட்டம் கொடுக்கிற துறை அங்கே உண்டல்லவா, அதில் சேர 1987 ஜனவரியில் போனேன்.

அந்த வருடம் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பங்காளியான கான்சஸ் பல்கலையோடு 17-17 என்று ஒரு சமன், மீதிப் பத்தும் தோல்வி. அதுவும் மட்டமான அணிதான். இரண்டு பேராலும் ஜெயிக்க முடியவில்லை என்று ஊரே சிரித்தது. 1988-ல் பதினொன்றுக்குப் பதினொன்றும் தோல்வி. நாட்டிலேயே 500 ஆட்டங்களில் தோற்ற முதல் பெரிய கல்லூரி அணி இதுதான். தொண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றில், பருவ முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் 'பௌல்' ஆட்டத்துக்குப் போனது 1982-ல் ஒரே முறை, அதிலும் தோல்வி. என் அறைத்தோழன் பேண்ட் வாத்தியத்தைக் கேட்கத்தான் ஸ்டேடியத்துக்குப் போவான். இடைவேளையில் அது முடிந்ததும் திரும்பிவிடுவான்.

1988 நவம்பரில் ஸ்னைடரைக் கொண்டுவந்தார்கள். வயது 49. அதுவரை பெரிய கல்லூரி எதிலும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. கலிபோர்னியாவில் பள்ளிக்கூடக் கோச், டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரி, அப்புறம் ஹேடன் ஃப்ரை என்ற பெரிய கோச்சிடம் உதவியாளர். முதலில் வடக்கு டெக்சாஸில் மூன்று பருவம், பிறகு அயோவாவில் பத்துப் பருவம். இன்னொரு பலியாடு வருகிறது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று சின்னத்தை மாற்றியது. இப்போது ஊரில் கார், சட்டை, கடை வாசல் எல்லாவற்றிலும் இருக்கிறதே ஊதாப் பூனைத் தலை, அது 1989-ல் பல்கலையின் ஓவியப் பேராசிரியர் ஒருவர் வரைந்தது. தோற்கிற அணிக்குச் சட்டை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று நானும் கேலி பேசியவன்தான்.

1989 செப்டம்பர் 30. எதிரே வடக்கு டெக்சாஸ், அவர் முன்பு வேலை பார்த்த அதே கல்லூரி. நேரம் முடிகிற கடைசி வீச்சில் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிடித்தார். 20-17. 1986 அக்டோபருக்குப் பிறகு முதல் வெற்றி. என் பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுக்காரர், கோதுமை விவசாயி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பருவத்தில் ஜெயித்தது அந்த ஒன்றுதான், மற்ற பத்தும் போயிற்று. ஆனால் அந்த ஒன்றுக்குப் பிறகு என் அறைத்தோழன் இடைவேளையில் எழுந்து வருவதை நிறுத்திவிட்டான்.

1990-ல் ஐந்து வெற்றி, 1991-ல் ஏழு. 1993-ல் காப்பர் பௌலில் வயோமிங்கை 52-17 என்று துவைத்தார்கள். அதற்குள் நான் படிப்பு முடிந்து மினியாபொலிஸ் பக்கம் மாவு ஆலைக்கு வந்துவிட்டேன். அவர் எனக்குக் காட்டியது எப்போதும் முதுகைத்தான். டிக்கெட் விலைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

லிங்கன்வாசி:

எதிர்க்கட்சியும் பேசலாமா? நான் பக்கத்து மாநிலத்து நெப்ராஸ்கா பல்கலை அணியின் ஆள். எங்கள் ஸ்டேடியத்தில் 1962-லிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை, அந்தக் கர்வத்தோடு எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்சஸ் ஸ்டேட்டை நாங்கள் 1969 முதல் 1997 வரை தொடர்ந்து 29 தடவை அடித்தவர்கள். அந்த ஆட்டம் எங்களுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி, வேலை இருந்தால் போகாமலும் விடலாம். 1998 நவம்பர் 14 அன்று நண்பர்கள் நாலு பேர் லிங்கனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போனோம். 40-30 என்று தோற்றோம். மைக்கேல் பிஷப் என்ற குவாட்டர்பேக்கை எங்கள் ஆட்களால் பிடிக்கவே முடியவில்லை. திரும்பும் வழியில் மேரிஸ்வில் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

சரி, புகழ்ந்தாயிற்று. இப்போது குறை. அந்த வருடம் இவர் பருவத்தைத் தொடங்கியது யாரோடு? இந்தியானா ஸ்டேட், 66-0. அடுத்து வடக்கு இல்லினாய், 73-7. மெலிந்தவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டு அடித்து வெற்றிக் கணக்கைத் தொடங்குவது இவருடைய வழக்கம். அணிக்குத் தன்னம்பிக்கை வரும், பௌல் ஆட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கையும் வரும், புரிகிறது. அதற்குக் கூலியும் டிசம்பரில் கிடைத்தது. 11-0 என்று செயின்ட் லூயிஸுக்குப் போனார்கள், டெக்சாஸ் ஏ அண்ட் எம்மோடு பிக் 12 என்ற பிரிவின் இறுதி ஆட்டம். ஆட்டம் நடக்கும்போதே, தேசிய இறுதிக்குப் போட்டியில் இருந்த யு.சி.எல்.ஏ. அணி வேறோர் இடத்தில் தோற்ற சேதி ஸ்டேடியத்தில் அறிவிக்கப்பட்டது. இதை ஜெயித்தால் தேசிய இறுதி. கடைசிக் கால்பகுதியில் 27-12 என்று முன்னிலை. அதிலிருந்து நழுவி, கூடுதல் நேரம் இரண்டு சுற்றுப் போய், 36-33 என்று தோற்றார்கள். வீட்டில் டிவி முன்னால் முதலில் கைதட்டினேன். அப்புறம் அந்த மனிதரின் முகத்தைக் காட்டினார்கள், கையை இறக்கிவிட்டேன்.

அதைவிடக் கொடுமை பின்னால் நடந்தது. தேசிய இறுதிக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த பி.சி.எஸ். தரவரிசையில் மூன்றாம் இடம் இருந்தும் பெரிய பௌல் எதுவும் கூப்பிடவில்லை. மட்டமான எதிரிகளோடு ஆடிய பெயர் பின்னாலேயே வந்தது. அலமோ பௌலுக்குப் போய், பின்னால் பெரிய பெயர் வாங்கிய குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் இருந்த பர்டியூவிடம் 37-34 என்று தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்காரரை இனி விடக் கூடாது என்று பிறகு விதியையே மாற்றினார்கள். 'கான்சஸ் ஸ்டேட் விதி' என்றே அதற்குப் பெயர் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் வேறு கல்லூரிக்கு மாற நினைத்த ஒரு வீரரை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார், அந்தப் பையனைப் பற்றி வெளியே சொல்லக் கூடாததையும் பேட்டியில் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டு விடுவித்தார். கோயில் கட்டுகிறவர்கள் இதையும் கல்வெட்டில் போடுங்கள்.

புதியவன்:

சென்னையிலிருந்து படிக்கிறேன். எனக்கு இந்த ஆட்டமே புரியாது. பணக்காரக் கல்லூரிகள் நல்ல பையன்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சத்தை வைத்து இவர் எப்படி ஜெயித்தார்?

சோளக்கொல்லை:

நாலு வருடம் பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் கோதுமை அண்ணன் திருத்துவார்.

ஒன்று, ஆள் எடுக்கிற இடம். பள்ளியில் பெயர் வாங்கிய பையன்கள் கான்சஸுக்கு வரமாட்டார்கள். இவர் இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகளில் தேடினார். லிங்கன்வாசி சொன்ன மைக்கேல் பிஷப் டெக்சாஸில் பிளின் என்ற அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து வந்தவர். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேரும் உள்ளூர்ப் பையன்களையும் விடமாட்டார். பிறகு கிரீன் பே அணியில் பெயர் வாங்கிய ஜோர்டி நெல்சன், மன்ஹாட்டனுக்குப் பக்கத்துக் கிராமப்புறத்துப் பையன், அப்படி வந்தவர்தான்.

இரண்டு, ஒரு சின்னக் கணக்கு. ஒரு பக்கம் 11 பேர். வழக்கமாகக் குவாட்டர்பேக் பந்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பார். பந்தோடு ஓடுபவர் ஒருவர், நிற்பவர் ஒருவர், ஆக எதிரிகளை மறிக்க மிச்சம் ஒன்பது பேர். குவாட்டர்பேக்கே பந்தோடு ஓடினால்? வழக்கமாக ஓடுபவரும் மறிக்க வருவார், பத்துப் பேர் ஆகிவிடும். கபடியில் ஒரு ஆள் கூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆள் பலத்தில் குறைந்த அணிக்கு அந்த ஒரு ஆள் பெரிய விஷயம். பிஷப், பிறகு 2012-ல் காலின் கிளைன், இருவருமே ஓடுகிற குவாட்டர்பேக்குகள்.

மூன்றாவது, உதவிக் கோச்சுகள். பாப் ஸ்டூப்ஸ் இவரிடம் இருந்துவிட்டுத்தான் போய் ஓக்லஹோமாவைத் தேசிய சாம்பியன் ஆக்கினார். 2003 பிரிவு இறுதியில் அதே ஸ்டூப்ஸின் அணியை இவர் 35-7 என்று மடக்கினார். வாத்தியார் வாத்தியார்தான்.

வெள்ளைப்பலகை:

நான் 2011-லிருந்து 2013 வரை அங்கே புள்ளியியல் படித்தேன். கைச்செலவுக்கு விளையாட்டு வீரர்களுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஆறரை அடிப் பையன்கள் குட்டி மேசைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து 'மேம், இந்தத் திட்டவிலக்கம் எதற்கு?' என்று கேட்பார்கள். நான் ஐந்தடி.

எனக்குத் தெரிந்த ஸ்னைடர் அந்தப் பையன்கள் வழியாக வந்தவர். அவருக்கு 16 குறிக்கோள்கள் உண்டு. சுயநலமின்மை, ஒற்றுமை, தினமும் கொஞ்சம் முன்னேறுவது, தவறைக் களைவது என்று வரிசையாகப் போகும். ஒரு பையனிடம் விளையாட்டாகக் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு பதினாறையும் ஒப்பித்தான். ஆத்திசூடி ஒப்பிக்கும் பிள்ளை மாதிரியே. ஐந்து மணி என்றால் ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்பே வாசலில் நிற்பார்கள்.

2012 நவம்பரில் தரவரிசையில் முதலிடம் வந்தபோது வகுப்பில் ஒருவருக்கும் பாடம் ஏறவில்லை. மறுவாரமே பேய்லரிடம் 52-24 என்று உதை. திங்கட்கிழமை மாலை என் பையன்கள் வருவார்களா என்று யோசித்துக்கொண்டே போனேன். பத்து நிமிடம் முன்பே நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் டெக்சாஸை 42-24 என்று ஜெயித்து, பிரிவுப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பருவ முடிவில் என் துறைத் தபால் பெட்டியில் ஒரு உறை. உள்ளே ஊதா மையில் கையெழுத்து. பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி என்ற அளவில் நாலு வரி. என் பெயரை என் பேராசிரியரே ஒழுங்காக எழுதியதில்லை, அதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவர் இப்படி ஊர் முழுக்க எழுதுகிறவர், எதிரணியில் அடிபட்ட பையனுக்குக்கூட எழுதுகிறவர் என்று. எனக்கு மட்டும் வந்தது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த இரண்டு நாள் நன்றாக இருந்தது.

பழைய கோதுமை:

அம்மா தனியாக, கடையில் வேலை பார்த்து வளர்த்த பிள்ளை அவர், மிசோரியில் செயின்ட் ஜோசப் என்ற ஊர். நன்றிக் கடிதம் எழுதும் பழக்கம் அங்கேயிருந்து வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் ஊகம்தான், யாரும் சொன்னதில்லை.

2017-ல் தொண்டைப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டே அந்தப் பருவமும் கோச்சாக நின்றார். 2018 நவம்பரில் கடைசி ஆட்டம், அயோவா ஸ்டேட்டோடு. கடைசிக் கால்பகுதியில் 17 புள்ளி முன்னிலையில் இருந்து 42-38 என்று கோட்டைவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஓய்வு, வயது 79. மொத்தம் 27 பருவம், 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு சமன். நெடுஞ்சாலை எழுபதிலிருந்து ஊருக்குள் திரும்பும் சாலைக்கும் இப்போது அவர் பெயர்தான். போன தடவை மகனோடு அந்த வழியில் போனேன். பலகையைக் காட்டி 1989 கதையை ஆரம்பித்தேன், அவன் காதில் இயர்போன்.

லிங்கன்வாசி:

வெள்ளைப்பலகை, அந்தக் கடிதத்தின் படத்தைப் போடுங்கள். பார்த்தால்தான் நம்புவேன். நெப்ராஸ்காக்காரன் புத்தி.

வெள்ளைப்பலகை:

அது என்னிடம் இல்லை சார். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். பல்கலைக்கழக முத்திரை இருக்கிறதே என்று என் பட்டச் சான்றிதழோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அது ஃபுட்பால் கோச் எழுதியது என்று எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை, "இருக்கட்டும், ஒரு வேலைக்கு ஆகும்" என்கிறார். பொங்கலுக்குப் போகும்போது சாவியை வாங்கிப் படமெடுத்துப் போடுகிறேன்.