ஐபோன் போட்டோவை ஜேபிஜி ஆக்க எந்தத் தளம் நல்லது?

ஜெராக்ஸ்கடை:
கும்பகோணம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்வு விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளில் பலர் இப்போது ஐபோன்தான். கேபிள் போட்டு போட்டோவை எடுத்தால் எச்இஐசி என்று வருகிறது. கடை கணினி விண்டோஸ் 10, திறக்கவே மாட்டேன் என்கிறது. விண்ணப்பத்துக்கு ஜேபிஜி வேண்டும், அதுவும் 20 முதல் 50 கேபிக்குள். ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்தேன், ஏற்கவில்லை. கூகுளில் தேடி ஏதாவது ஒரு தளத்தில் போட்டு மாற்றுகிறேன். பக்கம் முழுக்க டவுன்லோட் பட்டன், எது நிஜம் என்றே தெரியவில்லை. நல்ல தளம் ஒன்று சொல்லுங்கள்.

மாயவரத்தான்:
தளமே வேண்டாம். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லுங்க, ஜேபிஜியாகவே வந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் எச்இஐசி அப்படியே வரும்.

பழைய ஸ்டூடியோக்காரர்:
மாயவரத்தான் சொல்வது அவசரத்துக்குச் சரி. ஆனால் ஆதார், மார்க் ஷீட்டையும் அப்படியே வாங்கினால் ஊர்ப் பிள்ளைகளின் ஆதார் எல்லாம் உங்கள் போனில் கிடக்கும். அதை யார் உட்கார்ந்து அழிப்பது?

பெயரை மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. எச்இஐசிக்குள் படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறையே வேறு. எச்இவிசி என்ற வீடியோ முறையை வைத்துச் சுருக்குகிறார்கள். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் இதற்கு மாறியது. ஜேபிஜியில் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதி போதும், அதனால்தான். எச்இவிசிக்கு உரிமக் கட்டணம் உண்டு. விண்டோஸ் 10 திறக்க மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் படத்துக்கான நீட்சி (விண்டோஸோடு சேர்த்துப் போடும் சின்ன மென்பொருள்) இலவசம், கூடவே வேண்டிய எச்இவிசி நீட்சிக்குக் காசு.

காசு வேண்டாம் என்றால் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் போடுங்கள். இலவசம், எச்இஐசி திறக்கும். பாஸ்போர்ட் அளவு 3.5க்கு 4.5 செ.மீ. என்றால் 413க்கு 531 பிக்சல், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில். முதலில் அந்த அளவுக்கு வெட்டிச் சுருக்குங்கள், பிறகு ஜேபிஜியாக எக்ஸ்போர்ட். அப்போது தரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை வரும். முன்னோட்டத்தை டிக் செய்தால் எத்தனை கேபி என்று அங்கேயே காட்டும். பெரிய படத்தைச் சுருக்காமல் தரத்தை மட்டும் இறக்கி 50 கேபிக்குள் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகும்.

இதைவிடச் சுலபம், வந்த பிள்ளையின் போனிலேயே மாற்றுவது. ஐஓஎஸ் 16-லிருந்து ஃபைல்ஸ் ஆப்பில் படத்தை அழுத்திப் பிடித்தால் குயிக் ஆக்‌ஷன்ஸ், அதில் கன்வர்ட் இமேஜ் இருக்கிறது. இனி எடுக்கும் படங்களுக்கு செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள். ஒருமுறை வைத்தால் எப்போதும் ஜேபிஜிதான்.

தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாற்றித் தரும் தளங்கள் பலவற்றில் படம் அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பும். லொகேஷன் அனுமதி கொடுத்து எடுத்த படம் என்றால் எடுத்த இடமும் ஃபைலுக்குள் இருக்கும், அதுவும் சேர்ந்து போகும். 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகமே இலவச மாற்றித் தளங்களைப் பற்றி எச்சரித்தது: சில தளங்கள் கேட்டதை மாற்றிக் கொடுத்துவிட்டு வைரஸையும் சேர்த்து அனுப்பும், ஏற்றிய ஃபைலிலிருந்து விவரங்களையும் உருவும். உங்கள் சொந்தப் படம் என்றால் உங்கள் இஷ்டம். அடுத்தவர் ஆதாரை அங்கே போடாதீர்கள்.

ஜெராக்ஸ்கடை:
கிம்ப் போட்டாயிற்று, போட்டோ 38 கேபியில் வந்தது. விண்ணப்பத்தில் ஏற்றும் கையெழுத்துப் படம்தான் தகராறு. 20 கேபிக்குள் கொண்டுவந்தால் எழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி தெரிகிறது. பிஎன்ஜி ஆக்கிவிட்டு மறுபடி ஜேபிஜி ஆக்கினால் தெளியுமா?

பழைய ஸ்டூடியோக்காரர்:
தெளியாது. ஜேபிஜியில் ஒருமுறை போனது போனதுதான், பிஎன்ஜி அந்த அழுக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஃபைல்தான் பெருக்கும்.

முதலில் எடுத்த படத்துக்கே திரும்பிப் போங்கள். சுற்றியுள்ள வெள்ளைத் தாளை ஒட்ட வெட்டி, கிரேஸ்கேல் (நிறமில்லாத கறுப்பு வெள்ளை) ஆக்கி, கிம்பில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளையை நன்றாக வெள்ளையாக்குங்கள். தாளின் நிழல்தான் கேபியைத் தின்கிறது. அப்புறம், மெல்லிய பால்பாயிண்ட் வேண்டாம். கறுப்பு ஜெல் பேனா ஒன்றைக் கவுண்டரில் கட்டித் தொங்கவிடுங்கள்.